பாட்டுக்கு எத்தனை 'பிட்' வேண்டும்?

காது கேட்காத சத்தத்துக்குக் காசைக் கொட்டுகிறார்கள். கேட்க வேண்டிய குரலைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். இந்த வேடிக்கை இன்று பல வீடுகளில் நடக்கிறது. இதற்குக் காரணம் ஒரு சின்னஞ்சிறு சொல். 'பிட்' என்பதுதான் அந்தச் சொல்!

பரீட்சை எழுதப் போகும் பையன் சட்டைக்குள் ஒளித்து வைக்கிறானே, அந்தப் பிட் அல்ல இது. சினிமாக் கொட்டகைக்காரர்கள் வீசி எறிந்த பிட் நோட்டீசும் அல்ல. கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் பாட்டு எண்களாக எழுதப்பட்டு இருக்கிறது. அந்த எண் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று சொல்லும் கணக்குதான் இந்தப் பிட்.

பாட்டுக் கருவி விற்கும் கடைக்குப் போய்ப் பாருங்கள்.

"இது 16 பிட். சாதாரணம். அது 24 பிட். பாடகர் எதிரே உட்கார்ந்து பாடுவது போல இருக்கும். விலை கொஞ்சம் ஜாஸ்தி" என்பார் கடைக்காரர்.

இன்டர்நெட்டில் பாட்டு விற்கும் கம்பெனிகளிலும் இதே கதைதான். அதே பாட்டு. அதே பாடகர். 16 பிட்டுக்கு ஒரு விலை, 24 பிட்டுக்கு அதைவிடக் கூடுதல் விலை என்று விற்கிற இடங்கள் உண்டு.

16-ஐ விட 24 பெரிய எண். பெரிய எண்ணைக் கண்டால் கை தானாகப் பைக்குள் போகிறது. ஆனால் கொடுத்த காசுக்குக் காதில் என்ன விழுகிறது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

சத்தம் எண் ஆகிறது

பாடினால் காற்று அதிர்கிறது. மைக் அந்த அதிர்வை மின்சாரம் ஆக்குகிறது. அந்த மின்சாரம் அலை போல ஏறி இறங்கிக் கொண்டே இருக்கும். அலையின் உயரத்தை ஒரு யந்திரம் அளக்கிறது. அளந்த அளவை எண்ணாக எழுதி வைக்கிறது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. ஒரு விநாடிக்கு 44 ஆயிரத்து 100 தடவை! 'காம்பாக்ட் டிஸ்க்' என்று சொல்லும் சி.டி. தட்டில் இருப்பது இந்த எண்கள்தான். பாட்டைக் கேட்கும்போது எண்கள் மறுபடியும் மின்சாரம் ஆகி, ஒலிபெருக்கி வழியாகப் பாட்டாக வருகின்றன.

அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? குழந்தையைச் சுவரோரம் நிற்க வைத்து உயரம் பார்க்கிறீர்கள். அடிக்கணக்கு மட்டும் போட்ட கோலை வைத்து அளந்தால், "மூன்றடி இருக்கும்" என்று சொல்லலாம். அவ்வளவுதான். அங்குலக் கோடு இருந்தால் இன்னும் சரியாகச் சொல்லலாம். கோடுகள் நெருங்க நெருங்க, அளவில் பிழை குறையும்.

அளவுகோலில் எத்தனை கோடு? அதைச் சொல்வதுதான் பிட்.

ஒரு பிட் என்பது ஒரு சுவிட்சு மாதிரி. எரியும், அல்லது அணையும். இரண்டே நிலை. இரண்டு சுவிட்சு இருந்தால் நான்கு நிலை. மூன்று இருந்தால் எட்டு. ஒவ்வொரு சுவிட்சு கூடும்போதும் கணக்கு இரட்டிப்பாகும். 8 பிட் என்றால் 256 கோடு. 16 பிட் என்றால் 65 ஆயிரத்து 536 கோடு. 24 பிட் என்றால்? 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 கோடு!

"அப்பாடா! 65 ஆயிரம் எங்கே, ஒன்றரைக் கோடிக்கு மேல் எங்கே? 24 பிட்தான் உயர்த்தி" என்று சொல்லத் தோன்றும். விளம்பரக்காரர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

விளம்பரப் படத்தில் உள்ள பிழை

விளம்பரங்களில் ஒரு படம் போடுவார்கள். 16 பிட் ஒலி படிக்கட்டு போலக் கரடுமுரடாக இருக்கும். 24 பிட் ஒலி பட்டுத் துணி போல வழுவழு என்று வளையும். பார்த்தவுடனே மனம் மயங்கும்.

அந்தப் படம் தவறு. 16 பிட்டாக இருந்தாலும் சரி, 24 பிட்டாக இருந்தாலும் சரி, கருவியில் இருந்து வெளியே வரும் அலை வழுவழுப்பாகத்தான் வரும். எண்களை மின்சாரமாக மாற்றும்போது வடிகட்டி ஒன்று வேலை செய்கிறது. அது படிகளை நீக்கிவிடும். ஒலிபெருக்கிக்குப் படிக்கட்டு போவதே இல்லை.

அப்படியானால் அளவில் ஏற்பட்ட சின்னப் பிழை எங்கே போகிறது? அது 'உஸ்' என்ற மெல்லிய இரைச்சலாகப் பாட்டின் அடியில் தங்கிவிடுகிறது. பழைய காசெட்டில், பாட்டு ஆரம்பிக்கும் முன்பு ஓர் இரைச்சல் கேட்குமே, அது போல. ஆனால் அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. பிட் கூடினால் இந்த இரைச்சல் குறையும். ஒவ்வொரு பிட்டுக்கும் 6 டெசிபல் வீதம் குறையும். பிட் கூடுவதால் கிடைக்கும் லாபம் இது ஒன்றுதான். பாட்டில் இனிமை கூடுவது இல்லை. வீணையின் நாதம் கூடுவது இல்லை. அடியில் கிடக்கும் இரைச்சல் இன்னும் கொஞ்சம் அடங்குகிறது. அவ்வளவுதான் சங்கதி!

சில்லறை இல்லாத கடை

இங்கே ஒரு சந்தேகம் வரும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழுகிற மெல்லிய சத்தம் என்ன ஆகும்? அது தொலைந்து போகாதா?

ஒரு பொருளின் விலை 3 ரூபாய் 25 காசு என்று வைத்துக்கொள்வோம். கால் ரூபாய் நாணயம் 2011-ம் ஆண்டிலேயே செல்லாது ஆகிவிட்டது. கடைக்காரர் என்ன செய்வார்? எல்லோரிடமும் 3 ரூபாயே வாங்கினால், ஒவ்வொரு தடவையும் கால் ரூபாய் நஷ்டம். ஆனால் மூன்று பேரிடம் 3 ரூபாயும், நான்காவது ஆளிடம் 4 ரூபாயும் வாங்கினால்? மொத்தம் 13 ரூபாய். நான்கு பொருளுக்கு நியாயமான விலையும் அதே 13 ரூபாய்தான். கல்லாவில் கால் ரூபாய் நாணயமே இல்லை. ஆனாலும் கால் ரூபாய்க் கணக்கு தப்பவில்லை!

ஒலி நிபுணர்கள் இதே தந்திரத்தைச் செய்கிறார்கள். அளப்பதற்கு முன்பு, சத்தத்தோடு துளி இரைச்சலை வேண்டும் என்றே கலந்து விடுகிறார்கள். அதனால் அலையின் உயரம் சில தடவை மேல் கோட்டிலும், சில தடவை கீழ்க் கோட்டிலும் விழும். சராசரி சரியாக வந்துவிடும். கோட்டுக்கு நடுவில் இருந்த சத்தமும் தப்பிப் பிழைக்கும். இதற்கு 'டிதர்' என்று பெயர். கனடாவில் உள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாண்டர்கூய், லிப்ஷிட்ஸ் என்ற இருவர், 1984-ம் ஆண்டில் இதைக் கணக்குப் போட்டு விளக்கினார்கள். கடைசிப் பிட்டுக்கும் கீழே உள்ள சத்தத்தைக் கூட இப்படிக் காப்பாற்ற முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். சத்தத்தைக் காப்பாற்ற இரைச்சலைச் சேர்ப்பதா என்று ஆச்சரியமாக இருக்கும். சேர்க்காவிட்டால்தான் ஆபத்து. மெல்லிய ஒலிகள் கரகரத்துப் போகும்.

14-ஆ? 16-ஆ?

16 என்ற எண் எங்கே இருந்து வந்தது? அது வானத்தில் இருந்து குதிக்கவில்லை. இரண்டு பெரிய கம்பெனிகள் உட்கார்ந்து பேசி, வாதாடி முடிவு செய்த எண் அது.

ஜப்பானில் என்.எச்.கே. என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1967-ம் ஆண்டில் அங்கே எண்களால் ஒலிப்பதிவு செய்யும் கருவியைச் செய்து காட்டினார்கள். அது 12 பிட். 1972-ல் ஜப்பானின் டெனான் கம்பெனி 13 பிட் கருவி ஒன்றைச் செய்து, இசைத்தட்டு வெளியிடவே அதை உபயோகித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பி.பி.சி. வானொலியும் 13 பிட் முறையில் நிகழ்ச்சிகளைத் தன் நிலையங்களுக்கு அனுப்பத் தொடங்கியது.

அப்புறம் வந்தது சி.டி. ஹாலந்து நாட்டில் ஐந்தோவன் என்ற ஊர். பிலிப்ஸ் கம்பெனியின் தாய்வீடு அதுதான். 1979-ம் ஆண்டு மார்ச் மாதம் 8-ந் தேதி, பத்திரிகைக்காரர்களை அழைத்து, பளபளக்கும் சின்னத் தட்டு ஒன்றைப் பாட வைத்துக் காட்டினார்கள். முள் இல்லை. தேய்மானம் இல்லை. ஒளிக்கதிர் பட்டுப் பாடியது! அந்தத் தட்டில் இருந்த பாட்டு 14 பிட்.

அதே ஆண்டில் பிலிப்சும் ஜப்பானின் சோனியும் கூட்டுச் சேர்ந்தன. சோனியின் பக்கத்தில் இருந்தவர் நகாஜிமா. என்.எச்.கே.யில் அந்த முதல் கருவியைச் செய்வித்தவரும் இவர்தான். "14 போதாது, 16 வேண்டும்" என்று சோனிக்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள்.

பிலிப்சுக்குத் தர்மசங்கடம். 14 பிட் வேலை செய்யும் சில்லு அவர்கள் கையில் இருந்தது. 16-க்குப் போனால் அந்தச் சில்லை என்ன செய்வது? 16 பிட் சில்லு செய்வது அந்தக் காலத்தில் லேசான காரியம் அல்ல. ஆனாலும் கடைசியில் 16-தான் ஜெயித்தது. 1980-ல் ஒப்பந்தம் ஆயிற்று. 1982-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி, ஜப்பானில் சோனியின் முதல் சி.டி. கருவி விற்பனைக்கு வந்தது.

பிலிப்ஸ் என்ஜினீயர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 14 பிட் சில்லைத் தூக்கி எறியாமலே 16 பிட் தட்டைப் பாட வைத்தார்கள்! எண்களை நாலு மடங்கு வேகத்தில் ஓட விட்டார்கள். விநாடிக்கு 44 ஆயிரத்து 100 என்று இருந்ததை 1 லட்சத்து 76 ஆயிரத்து 400 ஆக்கினார்கள். பிழையால் வரும் இரைச்சலைக் காதுக்கு எட்டாத பக்கமாக ஒதுக்கினார்கள். நம் கடைக்காரர் சில்லறை இல்லாமல் கணக்கைச் சரிக்கட்டினாரே, கிட்டத்தட்ட அதே யுக்திதான். ஐரோப்பாவில் வந்த முதல் பிலிப்ஸ் கருவிகள் இந்த 14 பிட் சில்லை வைத்தே 16 பிட் பாட்டைப் பாடின.

இதைவிட வேடிக்கை, 1999-ல் இதே இரண்டு கம்பெனிகள் 'சூப்பர் ஆடியோ சி.டி.' என்ற உயர்ந்த ரகத் தட்டைக் கொண்டு வந்தன. அதில் எத்தனை பிட் தெரியுமா? 24 அல்ல, 16 அல்ல. ஒன்றே ஒன்று! ஒரு பிட்தான். ஆனால் விநாடிக்கு 28 லட்சத்து 22 ஆயிரத்து 400 தடவை அளந்தார்கள். பிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தரம் சொல்பவர்கள், இந்த ஒரு பிட் தட்டுக்கு என்ன மதிப்பெண் போடுவார்கள்?

காது எவ்வளவு தாங்கும்?

இப்போது டெசிபல் கணக்குக்கு வருவோம். 16 பிட்டில் மிகப் பெரிய சத்தத்துக்கும் அடியில் உள்ள இரைச்சலுக்கும் இடைவெளி சுமார் 96 டெசிபல். 24 பிட்டில் 144 டெசிபல்.

இரவில் அமைதியாக இருக்கும் வீட்டு அறையிலேயே 30 டெசிபல் அளவுக்குச் சத்தம் இருக்கும். மின்விசிறி சுற்றினால் இன்னும் அதிகம். இரண்டு பேர் பேசினால் 60. காது வலிக்கத் தொடங்குவது 120-க்கு மேல்.

24 பிட்டின் முழுப் பலனையும் அனுபவிக்க விரும்பும் ஒருவர் என்ன செய்ய வேண்டும்? மிக மெல்லிய ஒலி காதில் விழும் அளவுக்கு வைத்துக்கொண்டால், பெரிய ஒலி 144 டெசிபலில் வந்து காதைச் செவிடாக்கும்! அது போகட்டும். அந்த 144-ஐத் தரும் கருவியே கிடையாது. மின்சாரக் கம்பிக்குள் ஓடும் மின் துகள்கள் வெப்பத்தால் துள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துள்ளலே ஓர் இரைச்சல். அதனால் மிக நல்ல கருவிகள் கூட 20 அல்லது 21 பிட் அளவுக்கு மேல் உண்மையான வேலை செய்வது இல்லை. பெட்டி மேலே 24 என்று அச்சடிக்கலாம்; 32 என்றும் அச்சடிக்கலாம். மிச்சப் பிட்டுகளில் இருப்பது வெறும் இரைச்சல்.

பழைய சாதனங்களை இதே கணக்கில் நிறுத்திப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நல்ல எல்.பி. இசைத்தட்டு ஏறக்குறைய 11 அல்லது 12 பிட்டுக்குச் சமம். சாதாரணக் காசெட் 9 பிட் தேறினால் அதிகம். அந்தக் கிராமபோன் தட்டு, 6 அல்லது 7 பிட்! ஜனங்கள் அதைக் கேட்டுத்தான் உருகினார்கள், அழுதார்கள், மறுபடியும் சாவி கொடுத்துக் கேட்டார்கள்.

காதுக்கு வைத்த பரீட்சை

"கணக்கு எல்லாம் இருக்கட்டும். கேட்டால் வித்தியாசம் தெரிகிறதே!" என்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. மேயர், மோரன் என்ற இருவர் நடத்திய சோதனை அது. 2007-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

உயர்ந்த ரகத் தட்டு பாடும். நடுவில் ரகசியமாக ஒரு கருவியைச் சேர்ப்பார்கள். அது பாட்டை சி.டி. அளவுக்கு, அதாவது 16 பிட்டுக்கு இறக்கிவிடும். கேட்பவர் எது உயர்ந்தது, எது இறக்கியது என்று சொல்ல வேண்டும். மொத்தம் 554 தடவை கேட்டார்கள். சரியாகச் சொன்னது 276 தடவை. பாதிக்குப் பாதி! பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் இதே பலன்தான் வந்திருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016-ல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய்ஸ் என்பவர், பலர் நடத்திய 18 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கெடுத்தார். சரியான பதில் 100-க்கு 52.3 என்று வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கூடுதல். ஆகவே, 'வித்தியாசம் தெரியவே தெரியாது' என்று அடித்துப் பேசுவதும் சரி அல்ல. ஆனால் 100-க்கு 50 கிடைக்கும் குருட்டு அதிர்ஷ்டத்துக்கும், 52-க்கும் உள்ள இடைவெளிக்காக ஒரு குடும்பம் மாதச் சம்பளத்தில் எவ்வளவு ஒதுக்கலாம்?

சில சமயம் 24 பிட் பாட்டு உண்மையிலேயே நன்றாக இருக்கும். காரணம் பிட் அல்ல. ஒலிப்பதிவு நிபுணரின் கை. விலை உயர்ந்த பதிப்புக்கு அவர் பொறுமையாக உட்கார்ந்து வேலை செய்திருப்பார். அதே பாட்டின் மலிவுப் பதிப்பில், கடைசி வரை கத்திக்கொண்டே இருக்கும்படி எல்லாச் சத்தத்தையும் உச்சத்துக்கு ஏற்றியிருப்பார்கள். மெல்லிய இடமும் கத்தும். பெரிய இடமும் கத்தும். 1990-களில் தொடங்கிய இந்தச் சத்தப் போட்டியில், 16 பிட்டில் இருக்கும் இடமே பெரும் பகுதி காலியாகக் கிடந்தது. இருக்கிற பாத்திரத்தையே நிரப்பாதவர்களுக்குப் பெரிய பாத்திரம் எதற்கு?

இன்னொன்று. பாட்டை 24 பிட்டில் வாங்கி, கம்பி இல்லாத புளூடூத் கருவியைக் காதில் மாட்டிக் கேட்கிறவர்கள் ஏராளம். புளூடூத்தில் போகும்போது பாட்டைப் பெரும்பாலும் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். சுருக்கும்போது பல விவரங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். 24-க்குக் கொடுத்த காசு வழியிலேயே கரைந்துவிடுகிறது. 16 பிட் பாட்டை 24 பிட்டாக மாற்றித் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அரைப்படிப் பாலை அண்டாவில் ஊற்றினால் அண்டாப் பால் ஆகிவிடுமா?

அப்படியானால் 24 எதற்கு?

24 பிட் வீண் பொருள் அல்ல. அது இருக்க வேண்டிய இடம் வேறு. கேட்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. பதிவு செய்யும் இடத்தில் நிறைய வேலை இருக்கிறது.

வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் தையல்காரர், துணியைக் கொஞ்சம் உள்ளே மடித்துவிட்டுத் தைப்பார். பின்னால் பிரித்துவிட உதவும். ஒலிப்பதிவிலும் அப்படித்தான். பாடகி மெல்லப் பாடிக்கொண்டே இருப்பார். திடீர் என்று உச்ச ஸ்தாயிக்குப் போவார். அளவுகோலின் கடைசிக் கோட்டைச் சத்தம் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். 'கரகர' என்று கேட்கும். வெட்டுப்பட்ட தலையை மறுபடி ஒட்ட வைக்க முடியாது. அது 16 பிட்டானாலும் சரி, 24 பிட்டானாலும் சரி.

ஆகவே முன்ஜாக்கிரதையாக, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பதிவு செய்கிறார்கள். 24 டெசிபல் குறைத்து வைத்தால் 4 பிட் வீணாகும். 16-ல் 4 போனால் மிச்சம் 12. 24-ல் 4 போனால் மிச்சம் 20. அது போதும், போதும்! அப்புறம் பல குரல்களைக் கலக்க வேண்டும், ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் சின்னச் சின்னப் பிழை சேரும். 24 பிட்டில் அந்தப் பிழைகள் எல்லாம் காதுக்குத் தெரியாத ஆழத்தில் கிடக்கும். எல்லாம் முடிந்த பிறகு, 'டிதர்' போட்டு 16 பிட்டாக இறக்கி வெளியிட்டால் கேட்பவருக்கு ஒரு குறையும் இல்லை.

பெட்டியில் கிடக்கும் குரல்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பரண் மேலே, பழைய டிரங்குப் பெட்டியில், எத்தனை வீடுகளில் காசெட்டுகள் கிடக்கின்றன! சினிமாப் பாட்டு காசெட்டைப் பற்றிக் கவலை இல்லை. அந்தப் பாட்டு வேறு எங்காவது கிடைக்கும். ஆனால் பாட்டி பாடிய தாலாட்டு? வெளிநாட்டில் வேலைக்குப் போன அப்பா, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய காசெட்? மழலையில் திருக்குறள் சொன்ன குழந்தையின் குரல்? இவை உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அந்தப் பிரதி டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது.

காசெட் நாள் ஆக ஆகக் கெடும். நாடாவில் பூஞ்சை பிடிக்கும். நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுப் பட்டை உதிர்ந்து விழும். அதைப் பாட வைக்கும் கருவியும் அருகிவிட்டது. ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆஸ்திரேலிய நாட்டு ஒலி ஒளி ஆவணக் காப்பகம், 2015-ம் ஆண்டிலேயே அபாய மணி அடித்தது. 2025-க்குள் ஒலிநாடாக்களைப் பிரதி எடுக்காவிட்டால், பல குரல்கள் கைவிட்டுப் போய்விடும் என்று எச்சரித்தது. அந்த ஆண்டு வந்தும் போய்விட்டது.

சிலர் முந்திக்கொள்கிறார்கள். காசெட்டைக் கடையில் கொடுத்து மாற்றித் தரச் சொல்கிறார்கள். கடைக்காரர் சுருக்கப்பட்ட எம்.பி.3-யாக மாற்றி, ஒரு பென் டிரைவில் போட்டுத் தருகிறார். வீட்டுக்கு வந்ததும் காசெட் குப்பைக்குப் போகிறது! 24 பிட் பாட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தயங்காதவர்கள், பாட்டியின் தாலாட்டை இப்படி நசுக்கி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

காசெட்டே 9 பிட்டுக்குத்தானே சமம், அதற்கு எதற்கு 24 என்று கடைக்காரர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். சத்தத்தின் அளவைச் சரியாக வைத்துப் பதிவு செய்தால் 16 பிட்டே காசெட்டுக்குப் போதும். ஆனால் சரியாக வைப்பவர் யார்? வீட்டில் எடுத்த காசெட்டில் ஓர் இடத்தில் பாட்டியின் குரல் எட்டத்தில் முனகலாகக் கேட்கும். அடுத்த நிமிஷம் பக்கத்தில் குழந்தை அலறும். அலறலுக்காகச் சத்தத்தைக் குறைத்து வைத்தால், முனகல் இன்னும் கீழே போய்விடும். பின்னால் யாராவது அந்தக் குரலை ஏற்ற வேண்டும். நாடாவின் இரைச்சலைக் கழிக்க வேண்டும். உள்ளே மடித்துவிட்ட துணி அப்போதுதான் வேண்டும்.

உலகத்தில் உள்ள ஒலிக் காப்பகங்கள் சேர்ந்து 'இயாசா' என்ற சங்கம் வைத்திருக்கின்றன. பழைய ஒலிநாடாவைப் பிரதி எடுக்கும்போது குறைந்தது 24 பிட். விநாடிக்குக் குறைந்தது 48 ஆயிரம் அளவு. சுருக்கக் கூடாது என்பது அந்தச் சங்கம் வகுத்துத் தந்த முறை. பெரிய பெரிய காப்பகங்கள் தங்கள் பொக்கிஷங்களுக்குச் செய்வது இது. பாட்டியின் தாலாட்டு மட்டும் குறைந்ததா?

இடமும் அதிகம் பிடிக்காது. ஒரு மணி நேரக் காசெட்டை இந்த முறையில் பதிவு செய்தால் சுமார் 1 ஜிகாபைட் ஆகும். 32 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் இப்படி 25 காசெட்டுகளுக்கு மேல் அடங்கும். பாதி இடத்தில் வைக்க வேண்டும் என்றால் 'பிளாக்' என்ற முறை இருக்கிறது. அது இடத்தைக் குறைக்கும். ஒலியில் ஒரு துளியும் குறைக்காது. போனில் போட்டுக் கேட்கவும், உறவினருக்கு அனுப்பவும் அதில் இருந்து எம்.பி.3 பிரதி எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எம்.பி.3-யில் இருந்து மூலத்தை எடுக்க மட்டும் முடியாது.

கடைக்குப் போனால் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "24 பிட், 48 ஆயிரம், 'வேவ்' அல்லது 'பிளாக்'காகக் கொடுங்கள். சத்தம் உச்சிக் கோட்டைத் தாண்டாமல் பாருங்கள். இரைச்சலை எடுக்கிறேன் என்று மூலப் பிரதியில் கை வைக்க வேண்டாம்." அப்படிக் கேட்டதற்காகக் கொஞ்சம் கூடுதல் கூலி சொன்னால் தாராளமாகக் கொடுக்கலாம். 24 பிட் பாட்டு வாங்காமல் மிச்சம் பிடித்த காசு இருக்கிறதே!

பிரதியை ஓர் இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது. பென் டிரைவ் திடீர் என்று செத்துப் போகும். ஒன்று வீட்டில், ஒன்று தங்கை வீட்டில் என்று இரண்டாக வைக்க வேண்டும். காசெட்டைத் தூக்கிப் போடவும் கூடாது. அட்டைப் பெட்டியில் போட்டு, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில், காந்தம் உள்ள ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இல்லாமல் வைக்க வேண்டும். பெட்டி மேல் யார் குரல், எந்த ஆண்டு என்று எழுத வேண்டும். குரலை அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுத வேண்டும்.